உழைத்த உடம்பு, தேய்ந்த உடம்பு

"ஒழச்ச ஒடம்புக்கு ஒரு நோயும் வராதுல்லா" என்பது குமரி மாவட்டத்து டீக்கடைகளில் அடிக்கடி காதில் விழுகிற தீர்ப்பு. சாட்சிக்கும் பஞ்சமிருக்காது. எண்பது வயது வரை பனையேறிய தாத்தா ஒருவர் இருப்பார். எழுபதிலும் வள்ளம் தள்ளக் கடற்கரைக்குப் போகிற பெரியவர் இருப்பார். சாட்சி பொய்யில்லை, அப்படிப்பட்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதே பனையிலிருந்து நாற்பது வயதில் விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர் டீக்கடைக்கு வருவதில்லை. அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வருடக்கணக்கில் குத்தவைத்திருந்து முட்டு (முழங்கால்) போன மயினியும் அங்கே வருவதில்லை. வந்து உட்கார்ந்தவர்களை மட்டும் எண்ணிப் போட்ட கணக்கு அது.

வேலை மனிதரை நன்றாக வைத்திருக்கிறதா, சீக்கிரம் கிழடாக்குகிறதா என்று கேட்டால், இரண்டும் நடக்கிறது. ஒருவருக்கு எது நடக்கும் என்பதை வேலையின் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எத்தனை மணி நேரம், உடம்பை எப்படி வளைத்து, யார் வைத்த வேகத்தில், எவ்வளவு ஓய்வோடு, என்ன கூலிக்கு என்று கேட்டால்தான் பாதி பதிலாவது கிடைக்கும். அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் முன்னால் இரண்டு எண்களைப் புரிந்துகொள்ள வேண்டும்.

வாழ்ந்த ஆண்டும் நடமாடிய ஆண்டும்

முதல் எண் சராசரி ஆயுள். இப்போது ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் இறக்கிறார்களோ அதே விகிதம் மாறாமல் நீடித்தால், இன்று பிறக்கும் குழந்தை சராசரியாக எத்தனை ஆண்டு வாழும் என்கிற கணக்கு இது. 1940களில் இந்தியாவின் சராசரி ஆயுள் 32 ஆண்டு அளவில்தான் இருந்தது. அதற்காக அன்று எல்லாரும் முப்பத்திரண்டில் போய்ச் சேர்ந்தார்கள் என்று அர்த்தமில்லை. கைக்குழந்தைகள் ஏராளமாக இறந்ததால் சராசரி அப்படிக் கீழே இறங்கியது. பேரன் பேத்தி எடுத்தவர்கள் அன்றும் ஊருக்கு ஊர் இருந்தார்கள். முதுமையைப் பற்றிப் பேசும்போது நமக்கு அதிகம் பயன்படுவது, அறுபதை எட்டியவருக்கு இன்னும் எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு. இன்றைய இந்தியாவில் அது ஏறக்குறைய 18 ஆண்டு.

இரண்டாவது எண்ணை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. நோயும் ஊனமும் பறித்துக்கொண்ட காலத்தைக் கழித்துவிட்டு, நல்ல உடல்நிலையோடு வாழும் ஆண்டுகள் எத்தனை என்பது அது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் இந்தியரின் சராசரி ஆயுள் 70.8 ஆண்டு, நலமாக வாழும் ஆண்டுகள் 60.3. இடையில் பத்தரை ஆண்டு விழுந்து கிடக்கிறது. அந்தப் பத்தரை ஆண்டும் கடைசியில் மொத்தமாகப் படுக்கையில் கிடப்பதல்ல. முப்பத்தைந்தில் தொடங்கிய நடுவலி (இடுப்புவலி), ஐம்பதில் வந்த மூச்சிரைப்பு, அறுபத்தைந்தில் மங்கிய கண் என்று வாழ்க்கை நெடுகச் சிதறிக் கிடக்கும் இழப்பை அதன் கனத்துக்கு ஏற்றபடி கூட்டிப் பார்த்தது.

அப்படியானால் நல்ல முதுமை என்றால் என்ன? நோயே இல்லாத முதுமை என்று சொன்னால் யாருக்கும் அது வாய்க்காது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் தன் முதுமை அறிக்கையில் வேறு மாதிரிச் சொன்னது: தனக்கு முக்கியமானவற்றைச் செய்யவும், தான் விரும்பியபடி இருக்கவும் ஒருவருக்கு இருக்கும் திறனைக் கட்டிக் காப்பதே நலமான முதுமை. நம்மூர்க் கணக்கில் சொன்னால், யார் கையையும் பிடிக்காமல் பஸ்ஸில் ஏறுவது, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கோ சுசீந்திரம் தேரோட்டத்துக்கோ நடந்து போவது, கீழே உட்கார்ந்தால் தானாக எழுவது, சந்தையில் பேரம் பேசுமளவுக்குக் காது கேட்பது. சுகர் இருந்தாலும் இதெல்லாம் முடிகிறவர் நன்றாகவே மூப்படைகிறார்.

மிஞ்சியவர்களை மட்டும் எண்ணினால்

டீக்கடைத் தீர்ப்புக்குத் திரும்புவோம், அதில் உள்ள ஓட்டை சுவாரசியமானது. கடினமான வேலை ஆட்களைச் சலித்தெடுக்கும். பலம் உள்ளவர்தான் ரப்பர் பால் வெட்டவோ கல் உடைக்கவோ போகிறார். முடியாமல் போனவர் பாதியில் விலகிப் பெட்டிக்கடை வைக்கிறார், அல்லது வீட்டோடு முடங்குகிறார். கடைசியில் களத்தில் நிற்பவர்களைப் பார்த்துவிட்டு "எல்லாரும் எப்படித் திடகாத்திரமா இருக்கானுவ பாரு" என்கிறோம். இங்கிலாந்தில் வில்லியம் ஓகிள் என்ற புள்ளிவிவர அதிகாரி 1885லேயே இதைக் கவனித்துவிட்டார். தொழில்வாரியாக இறப்பைக் கணக்கிட்டபோது, கடுமையான தொழில்கள் பலவீனமானவர்களை உள்ளே விடுவதுமில்லை, உள்ளே இருப்பவர் பலவீனமானால் வைத்துக்கொள்வதுமில்லை என்றும், அதனால் அந்தத் தொழிலின் கேடு குறைவாகத் தெரிகிறது என்றும் எச்சரித்தார். ஒரு வேலை உடம்பை என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதை விட்டு வந்தவர்களிடம் கேட்க வேண்டும்.

அண்டி ஆபீசும் ரப்பர் தோட்டமும்

முந்திரி ஆலையைக் குமரிக்காரர்கள் அண்டி ஆபீஸ் என்பார்கள். உள்ளே ஆபீஸ் மாதிரி ஒன்றும் இருக்காது. வறுக்கும் இடத்தில் புகை, உடைக்கும் இடத்தில் வரிசையாகப் பெண்கள். அண்டித் தோட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலை அரிக்கும் தன்மை கொண்டது. அதிலுள்ள அமிலம் பட்டுப் பட்டுக் கைவிரல் கறுத்து வெடிக்கும். கையுறை போட்டால் பருப்பு பிடிபடாது, வேகம் போய்விடும் என்று சாம்பலைப் பூசிக்கொண்டோ விளக்கெண்ணெய் தடவிக்கொண்டோ வேலை பார்ப்பவர்கள் உண்டு. கூலி கிலோ கணக்கில் என்பதால் வேகம் போனால் காசும் போகும். கையுறை வாங்கிக் கொடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று வெளியிலிருந்து நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரிவதில்லை. கூலி கொடுக்கும் முறையே கையுறையைக் கழற்ற வைக்கிறது.

ஆனால் முதுமையில் பெரிய விலை கேட்பது கை அல்ல, முட்டு. தரையிலோ தாழ்ந்த பலகையிலோ மடக்கிய காலோடு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது முழங்கால் மூட்டின் குருத்தெலும்பில் அழுத்தம் விழுந்துகொண்டே இருக்கும். குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. மூட்டு மடங்கி நீளும்போது அழுந்தியும் விரிந்தும்தான் அது தன் சத்தை இழுத்துக்கொள்கிறது. மணிக்கணக்கில் அசையாத மடக்கு அதற்குப் பட்டினி. தசையின் கதை வேறு, களைத்தால் ஓய்வில் சரியாகும், சிலவேளை முன்னைவிடப் பலமாகும். குருத்தெலும்பு, காதின் உள்ளே ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள், தூசி படிந்து தழும்பேறிய நுரையீரல் ஆகியவை அப்படி மீள்வதில்லை. இருபத்தைந்து வயதில் போனது அறுபதில்தான் கணக்குக்கு வரும். நடுவில் உள்ள முப்பத்தைந்து வருடமும் "ஒண்ணும் இல்ல மக்கா, நல்லாத்தான் இருக்கேன்" என்றே ஓடும்.

கல்குவாரிகளிலும் கிரஷர்களிலும் இதே தாமதம் இன்னும் கொடூரமானது. பாறைத்தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிட்டால், வேலையை விட்ட பிறகும் தழும்பு வளர்ந்துகொண்டிருக்கும். முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. அதோடு காசநோய் வரும் வாய்ப்பும் கூடும். தும்பு (தேங்காய் நார்) ஆலைத் தூசி இந்த வகை அல்ல என்றாலும் இருமலையும் இழுப்பையும் கொடுக்கும்.

ரப்பர் பக்கம் வந்தால் படம் கொஞ்சம் சிக்கலாகிறது. குலசேகரம், கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கம் பால் வெட்டுகிறவர்கள் விடிவதற்கு வெகுமுன்னே நெற்றி விளக்கோடு கிளம்புவார்கள். வெயில் ஏறும் முன் மரத்தின் நீர் அழுத்தம் அதிகமாக இருக்கும். அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். 300 மரம் என்பது ஒரு ஆளுக்கு வழக்கமான கணக்கு. சரிவில் ஏறி இறங்கி, வெட்டுப்பட்டை கீழே இறங்க இறங்க இடுப்பை மடக்கி வெட்டி, பிறகு சிரட்டை சிரட்டையாகப் பால் எடுத்து வாளியில் சுமந்து வர வேண்டும். நல்ல காற்று, நல்ல நடை. சும்மா பார்த்தால் நகரத்துக்காரர் காசு கொடுத்து ஜிம்மில் தேடுவது இதைத்தான் என்று தோன்றும். கூடவே உறக்கக் குறைவு, மழைக்காலத்து அட்டை, பாம்பு, யானைப் பயம், ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பித் தேயும் இடுப்பு. பால் உறைய வைக்கும் அமிலத்தின் நெடியையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம்.

கண்டக்டரும் டிரைவரும்

உடற்பயிற்சி இதயத்துக்கு நல்லது என்று இன்று சின்னப் பிள்ளையும் சொல்லும். அதற்கு முதல் பெரிய ஆதாரம் கிடைத்தது பஸ்ஸில். ஜெரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லண்டன் மாடி பஸ்களின் ஊழியர்களை ஆராய்ந்து 1953இல் முடிவை வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கிழித்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் போகிற நெரிசல் பஸ்ஸில் கண்டக்டர் படும் பாட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மாரிஸ் நினைவுக்கு வருவார். மாரிஸும் ஒரேயடியாகத் தீர்ப்பு எழுதிவிடவில்லை. பிறகு சீருடை அளவுப் பதிவேடுகளைப் புரட்டி, டிரைவர்கள் வேலைக்குச் சேரும்போதே இடுப்பு பெருத்தவர்களாக இருந்தார்கள் என்பதையும் அவரே கண்டுபிடித்து எழுதினார். யார் எந்த வேலைக்குப் போகிறார் என்பதிலேயே பாதி விடை இருக்கலாம் என்று ஓகிள் சொன்னது இங்கேயும் எட்டிப் பார்க்கிறது.

அண்மைக் காலத்தில் டென்மார்க்கின் ஆன்ட்ரியாஸ் ஹோல்டர்மன் போன்ற ஆய்வாளர்கள் இன்னொரு முடிச்சைக் காட்டினார்கள். ஓய்வு நேரத்தில் உடம்பை அசைப்பவர்கள் நீண்ட காலம் வாழ்கிறார்கள். வேலையில் கடுமையாக உடம்பை வருத்துபவர்களிடம் அந்த ஆதாயம் தெரிவதில்லை, ஆண்களிடம் சில ஆய்வுகளில் இறப்பு கூடவே செய்கிறது. முரண்பாடு மாதிரித் தெரிந்தாலும் காரணம் புரிந்துகொள்ளக் கூடியது. காலையில் அரை மணி நேரம் ஓடுகிறவரின் இதயம் வேகமாக அடித்து, பிறகு நாள் முழுக்கச் சாந்தமாக இருக்கும். சிமெண்ட் சட்டி சுமக்கும் கையாளின் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எட்டு மணி நேரமும் உயர்ந்தே நிற்கும். இரவுக்குள் இறங்கி முடிக்கும் முன் மறுநாள் வேலை வந்துவிடும். ஓடுகிறவர் களைத்தால் நிற்கலாம். கையாளுக்கு அந்த உரிமை கொத்தனார் கையிலும் கான்ட்ராக்டர் கையிலும் இருக்கிறது. இதில் எவ்வளவு வேலையின் பளுவால், எவ்வளவு வறுமையாலும் புகையிலையாலும் என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். வேலையில் வியர்த்ததை உடற்பயிற்சிக் கணக்கில் எழுதிக்கொள்வது சரியல்ல என்ற அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அதிகாரம் இல்லாதவரின் இதயம்

இனி வருவதுதான் இந்தத் துறையிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 1967இல் லண்டனில் அரசு அலுவலக ஆண் ஊழியர்கள் ஏறத்தாழ 18,000 பேரைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு தொடங்கியது. அரசு அலுவலகங்கள் நிறைந்த தெருவின் பெயரால் அதை ஒயிட்ஹால் ஆய்வு என்பார்கள். இவர்கள் யாரும் பட்டினி கிடந்தவர்களல்ல. சுரங்கத்திலோ கடலிலோ வேலை பார்த்தவர்களுமல்ல. எல்லாருக்கும் நிரந்தர வேலை, மேசை, நாற்காலி, இலவச மருத்துவம். ஆனாலும் மேல்நிலை அதிகாரிகளைவிட, கடைநிலையில் இருந்த, கடிதம் கொண்டுபோகும் ஏவலாளர்கள், வாயிற்காவலர்கள் இடையே இறப்பு விகிதம் சுமார் மூன்று மடங்கு. அதைவிட வியப்பு, நடுவில் இருந்த ஒவ்வொரு படியிலும் மேலே உள்ளவரைவிடக் கீழே உள்ளவர் நிலைமை மோசம். புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தும் இந்த வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விளக்க முடியவில்லை.

மீதிக்கு விடை தேடி மைக்கேல் மார்மட் என்ற ஆய்வாளர் 1985இல் இரண்டாவது ஆய்வைத் தொடங்கினார், இந்த முறை பெண்களும் சேர்ந்து பத்தாயிரத்துச் சொச்சம் பேர். அதில் தெளிவாகத் தெரிந்தவற்றில் ஒன்று: தன் வேலையை எப்படி, எந்த வரிசையில், எந்த வேகத்தில் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைந்தவர்களுக்கு இதய நோய் அதிகம். அமெரிக்காவின் ராபர்ட் கராசெக் 1979லேயே இதற்கு ஒரு சட்டகம் போட்டிருந்தார். வேலைப்பளு அதிகமாக இருப்பது மட்டும் ஆபத்தல்ல. பளு அதிகமாகவும் அதிகாரம் குறைவாகவும் இருக்கும்போதுதான் உடம்பு உள்ளுக்குள் எரிகிறது. அறுவை சிகிச்சை நிபுணருக்கும் பளு உண்டு, ஆனால் அடுத்து என்ன செய்வது என்று தீர்மானிப்பது அவர். நாகர்கோவில் செட்டிகுளம் சந்திப்புப் பக்கத்து ஜவுளிக்கடையில் சேலை விரிக்கிற பெண்ணுக்கு எப்போது தண்ணீர் குடிப்பது என்பதைக்கூடச் சூப்பர்வைசர் தீர்மானிக்கலாம். ஜெர்மனியின் யோகனஸ் சீக்ரிஸ்ட் இதோடு இன்னொன்றைச் சேர்த்தார். போட்ட உழைப்புக்கு ஏற்ற சம்பளமோ மதிப்போ வேலைப் பாதுகாப்போ வராதபோது அந்த ஏற்றத்தாழ்வே நோயாகிறது என்றார்.

மனத்தில் நடப்பது ரத்தக்குழாய்க்கு எப்படி வருகிறது? நாய் துரத்தினால் உடம்பு அட்ரினலினையும் கார்டிசாலையும் சுரந்து துடிப்பை ஏற்றி, சர்க்கரையை ரத்தத்தில் கொட்டி ஓடத் தயாராகும். நாய் போய்விட்டால் எல்லாம் இறங்கிவிடும். திட்டுகிற மேலாளர் நாய் மாதிரிப் போய்விடுவதில்லை, மறுநாளும் அங்கேயே இருப்பார். ஏறிய அழுத்தம் இறங்காமல் வருடக்கணக்கில் நின்றால் ரத்தக்குழாய் தடிக்கும், வயிற்றில் கொழுப்பு சேரும், சுகர் எட்டிப் பார்க்கும், உறக்கம் கெடும், நோய் எதிர்ப்பு தடுமாறும். புரூஸ் மெக்யூவன் என்ற நரம்பியலாளர் 1990களில் இந்தக் கூட்டுத் தேய்மானத்தை அளக்க வழி தேடினார். ஐம்பது வயதுக்காரர் ஒருவரின் உடம்பு அறுபது வயதுக்காரருடையதைப் போல நடந்துகொள்வதற்கு இது ஒரு காரணம்.

நேரம்

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட கணக்கு இது: வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 சதவீதமும், மாரடைப்பு வகை நோயால் இறக்கும் வாய்ப்பு 17 சதவீதமும் அதிகம். 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 7,45,000 பேர் இப்படி இறந்ததாக மதிப்பிட்டார்கள். இந்தியச் சட்டம் ஆலைகளுக்கு வாரம் 48 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. காலை ஒன்பதரைக்குத் திறந்து இரவு ஒன்பதரைக்கு அடைக்கிற கடையில், ஆறு நாள் நிற்பவரின் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இரவு வேலை தனி விவகாரம். உடம்பின் கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப் பணியைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007இல் சேர்த்தது, 2019இல் மீண்டும் உறுதி செய்தது. இதில் நர்சுகளும் காவலாளிகளும் வருவார்கள். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்களையும் மறக்கக் கூடாது. வாரக்கணக்கில் கடலில் கிடக்கும் விசைப்படகில் உறக்கத்தைத் தீர்மானிப்பது கடிகாரம் அல்ல, வலை. அந்த உறக்கக் கடனைக் கரைக்கு வந்து இரண்டு நாள் தூங்கித் தீர்த்துவிட முடியாது. உப்புக்காற்றும் வெயிலும் கண்ணில் சதை வளர்வதையும் புரை விழுவதையும் முன்கூட்டியே கொண்டுவரும். ஒக்கிப் புயல் 2017 நவம்பர் கடைசியில் கடலுக்குப் போன எத்தனை மீனவர்களைக் கொண்டுபோனது என்று இந்தக் கடற்கரைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் உலகக் கணக்கில் வேலையால் நேரும் இறப்புகளில் விபத்தின் பங்கு ஐந்தில் ஒன்றை ஒட்டியதுதான். மீதியில் பெரும்பகுதி மூச்சுக்குழாய் அடைப்பு, பக்கவாதம், மாரடைப்பு என்று வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் நேர்பவை. மரணச் சான்றிதழில் வேலையின் பெயர் வராது.

குடிக்காத தண்ணீர்

குளச்சலிலிருந்தோ முட்டத்திலிருந்தோ மீன் எடுத்துத் தலைச்சுமையாகவும் ஆட்டோவிலும் உள்ளூர்களுக்குக் கொண்டுபோய் விற்கும் பெண்களிடம் பேசிப் பாருங்கள். காலையில் ஒரு சாயா, பிறகு வீடு திரும்பும் வரை தண்ணீரே இல்லை என்பார்கள் பலர். தாகம் இல்லாமலில்லை. சந்தையில் ஒதுங்க இடம் இல்லை, இருந்தாலும் போகிற மாதிரி இல்லை. இதே கதையைப் புத்தளம் பக்கத்து உப்பளத்திலும், கட்டட வேலையிலும், ரப்பர் தோட்டத்திலும் கேட்கலாம். தண்ணீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று வரும், கல் சேரும். வெயிலில் கடும் உழைப்போடு இது வருடக்கணக்கில் தொடர்ந்தால் சிறுநீரகமே பழுதாகலாம். ஒரு கழிப்பறைக்கும் அறுபது வயதுச் சிறுநீரகத்துக்கும் உள்ள சம்பந்தம் இவ்வளவு நேரடியானது. பெரிய பெரிய கோட்பாடுகளை எல்லாம் படித்த பிறகும், நம் மாவட்டத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றலாம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

பெண்களின் வேலை நேரத்தை எண்ணும்போது கூலி வாங்கிய மணிகளை மட்டும் எண்ணுகிறோம். அண்டி ஆபீசிலிருந்து வந்தவர் தண்ணீர் பிடிக்கிறார், மீன் கழுவுகிறார், மாமியாருக்கு மருந்து கொடுக்கிறார், இரவு பத்து மணிக்கு முதுகைச் சாய்க்கிறார். களைத்த தசையை ஓய்வு சரிசெய்யும் என்று மேலே சொன்னேனே, அந்த ஓய்வு இவர் நாளில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தால் கிடைக்காது. பெண்கள் ஆண்களைவிட அதிக காலம் வாழ்கிறார்கள் என்பது உண்மை. கூடுதலாக வாழும் ஆண்டுகளில் கணிசமான பங்கை முட்டுவலியோடும் இடுப்புவலியோடும் வாழ்கிறார்கள் என்பதும் அதே அளவு உண்மை.

போகாத நாளின் கூலி

நாற்பத்தைந்து வயதில் பிரஷர் இருப்பது தெரிந்தால் மாத்திரையால் கட்டுப்படுத்தலாம். தெரியாமல் போனால் ஐம்பத்தெட்டில் பக்கவாதம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் ஒரு நாள் கூலி. மாதச் சம்பளக்காரருக்கு விடுப்பு எடுத்து டாக்டரைப் பார்ப்பது ஒரு சள்ளை, அவ்வளவுதான். நாட்கூலிக்காரருக்கு அன்றைய அடுப்பு. வலி நிவாரணி மாத்திரையை மெடிக்கலில் நேராக வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போவது அவர் பார்வையில் புத்திசாலித்தனமான முடிவு. அதே மாத்திரை வருடக்கணக்கில் ஓடும்போது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது.

ஓய்வு வயது என்ற ஒன்று அமைப்புசாரா வேலையில் கிடையாது. உடம்பு நிறுத்தும்போதுதான் வேலை நிற்கும். பென்ஷன் இருக்கிறவர் அறுபதில் பளுவை இறக்கி வைக்கிறார், இல்லாதவர் தேய்ந்த முட்டோடு தொடர்கிறார். தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்த நல வாரியங்கள் ஓய்வூதியமும் விபத்து உதவியும் தருகின்றன. கட்டடத் தொழிலாளர், தையல்காரர், ஆட்டோ ஓட்டுநர் என்று தொழிலுக்கேற்ற வாரியங்கள் இருக்கின்றன. பதிவு செய்து அதைப் புதுப்பித்துக்கொண்டும் இருந்தால்தான் எதுவும் கிடைக்கும் என்பதால், விடுபட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் அதிகம் தேவைப்படுகிறவர்களே.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. வேலையே இல்லாமல் இருப்பது உடம்புக்கு நல்லதல்ல. வேலை வருமானத்தோடு நாலு பேர் பழக்கத்தையும், காலையில் எழ ஒரு காரணத்தையும் தருகிறது. தோவாளையில் வயதான அம்மாக்கள் பூக்கட்டும் இடத்தில் சற்று உட்கார்ந்தால் தெரியும். கை சரத்தில் ஓடிக்கொண்டிருக்க, வாய் ஊர்க்கதையில் ஓடிக்கொண்டிருக்கும். எழுந்து காலை நீட்டிவிட்டு வரலாம், வேகம் அவரவர் வேகம். வீட்டில் சும்மா இருக்கச் சொன்னால் அவர்கள் சீக்கிரம் தளர்ந்துவிடுவார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதே பூக்கட்டு, முகூர்த்த நாளின் அவசரத்தில், எண்ணிக்கைக் கூலிக்கு, விடிய விடிய என்றால் அது வேறு வேலை.

எது மாறினால் எது மாறும்

பின்லாந்தில் யுகானி இல்மரினன் குழுவினர் 1981 முதல் நகராட்சி ஊழியர்கள் ஆயிரக்கணக்கானோரை நாற்பது, ஐம்பது வயதிலிருந்து பதினோரு ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். வயது ஏற ஏறச் சிலருடைய வேலைத்திறன் குறைந்தது, சிலருக்கு அப்படியே நின்றது, சிலருக்குக் கூடவும் செய்தது. கூடியவர்கள் விஷயத்தில் பெரிய பங்கு வகித்தது ஒரு எளிய சங்கதி, மேற்பார்வையாளர் அவர்களை நடத்திய விதம். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது குறைந்ததும், ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்ததும் உதவின.

நம்மூரில் செலவில்லாமலோ கொஞ்சம் செலவிலோ முடிகிறவை நிறைய. தரையில் உட்கார்ந்து அண்டி உடைப்பதற்குப் பதில் இடுப்பு உயர மேசையும் முதுகு சாயும் இருக்கையும் போடலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க விடலாம். உடைக்கிறவரையும் தரம் பிரிக்கிறவரையும் இடம் மாற்றி மாற்றிப் போடலாம். கடைகளில் நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. கேரளம் 2018லேயே செய்துவிட்டது. நாள் முழுக்க நிற்பதால் காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதும் குதிகால் வலியும் இடுப்பு வலியும் வருவது ஜவுளிக்கடைப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். சட்டப்படி ஸ்டூல் போட்ட கடைகளைப் பார்க்கிறேன். உட்கார்ந்தால் முறைக்கிற முதலாளிகளையும் பார்க்கிறேன்.

தொழிலாளியே செய்யக்கூடியதில் முதலிடம் டாக்டரிடம் பேசுவதற்கு. 1700ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமசினி, பல தொழில்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு "என்ன தொழில் செய்கிறீர்கள்" என்பதையும் கேளுங்கள் என்று சக மருத்துவர்களுக்குச் சொன்னார். கூட்டம் நெருக்கும் ஓபியில் டாக்டர் கேட்க மறந்தால் நாமே சொல்லலாம். இப்போது செய்யும் வேலையை மட்டும் சொன்னால் போதாது. இன்று பெட்டிக்கடை வைத்திருப்பவர் முன்பு பத்து வருடம் கிரஷரில் இருந்திருந்தால் அந்த இருமலின் அர்த்தமே வேறு. வெளிநாட்டில் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர் அங்கே எத்தனை வருடம் வெயிலில் நின்றார் என்பதைச் சொன்னால், டாக்டர் பிரஷரோடு சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷரும் சுகரும் பார்ப்பது இலவசம். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. எத்தனை வருடம், எந்த வேலை, எந்தத் தூசி, எந்த ரசாயனம், எப்படி உட்கார்ந்து என்று ஒரு தாளில் எழுதி மருத்துவச் சீட்டோடு வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் புது டாக்டரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.